டெம்போவில் வந்த பன்னண்டு மிஷின்

டெண்டர் கை நழுவிப் போனா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். மருதாசலத்துக்கு எரிஞ்ச எரிச்சல்ல ஒரு சாயப் பட்டறை பாய்லரையே ஓட்டியிருக்கலாம்.

அரசு விடுதிப் பிள்ளைகளுக்கு நாப்பதாயிரம் டீ-சர்ட். திருப்பூர்ல மூணு மாடிக் கட்டடத்துல கம்பெனி வெச்சிருக்கிற தன்னை விட்டுட்டு, அவிநாசி பக்கம் தகரக் கொட்டகையில கம்பெனி நடத்துற சித்ராதேவிக்கு ஆர்டரைக் குடுத்துட்டாங்க. விடுவாரா மனுசன்? கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆட்சேபனை மனுவைப் போட்டுட்டார்.

இன்னைக்கு விசாரணை. அதிகாரி ஜனனி முன்னாடி ஒரு பக்கம் மருதாசலம், அவருக்குப் பின்னால அவரோட மேனேஜர் தவசி. எதிர்ப்பக்கம் சித்ராதேவி ஒண்டியா, மடியில ஒரு மஞ்சப்பையோட.

மனுவுல இருந்தது ஒரே ஒரு புகார்தான். டெண்டர் போடுறவங்க சொந்தமா நாப்பது தையல் மிஷின் வெச்சிருக்கணும்னு விதி. அதனால அதிகாரிங்க ஒவ்வொரு கம்பெனியா நேர்ல போய் எண்ணிப் பார்த்தாங்க. திங்கள், செவ்வாய்ல மருதாசலம் கம்பெனியோட சேர்த்து ஆறு கம்பெனி. புதன்கிழமை காலையில கடைசியா சித்ராதேவி கம்பெனி.

அந்தப் புதன்கிழமை விடிஞ்சதும் சித்ராதேவி கம்பெனி வாசல்ல ஒரு டெம்போ வந்து நின்னு, பன்னண்டு மிஷின் இறங்கியிருக்கு. எதிர்த்த பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டிருந்த மருதாசலத்தோட பங்காளி ஒருத்தர் அதை செல்போன்ல படம் எடுத்துட்டார்.

இரவல் மிஷினை நிறுத்திக் கணக்குக் காட்டுறது இந்த ஊருக்குப் புதுசா என்ன? துணி வாங்குற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வர்றான்னா மிஷின் மட்டுமில்ல, தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி வரைக்கும் கம்பெனி விட்டுக் கம்பெனி ஊர்கோலம் போகும். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா அன்னைக்கு மருதாசலம் மேல நேர்மை அருள் வந்து இறங்கியிருந்துச்சு.

"ஏனுங்க மேடம், நாங்கெல்லாம் கேனையனுங்களா? ஒவ்வொரு மிஷினா வாங்கிச் சேர்த்து மேல வந்தவன் நானு. இவங்க இரவல் மிஷினை நிறுத்திக் கவர்மெண்டையே ஏமாத்தறாங்க. இவங்க தெக்கிற துணியை எப்படீங்க நம்பறது?"

டெம்போவுல மிஷின் வந்தது நிசமான்னு ஜனனி கேட்டார்.

"வந்துதுங்க," என்றார் சித்ராதேவி.

மருதாசலம் தொடையைத் தட்டிக்கிட்டார். அந்தம்மா கதை முடிஞ்சுதுன்னு வாசல்ல நின்ன பியூன்கூட நெனச்சுக்கிட்டார்.

சித்ராதேவி மஞ்சப்பையிலிருந்து பில்லு கட்டை எடுத்து மேஜையில வெச்சார். நாப்பது மிஷினுக்கும் பில்லு இருந்துச்சு. டெம்போவுல வந்த பன்னண்டும் அவர் பேருலயே இருந்துச்சு. ஜனனி பில்லை ஒவ்வொண்ணா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரி.

அப்புறம் எதுக்கு அது வெளியே போய்ட்டு வந்துச்சுன்னு ஜனனி கேட்டார்.

"ஒருத்தருக்கு அவசரமுங்க. ரெண்டு நாளைக்கு வேணும்னாங்க, குடுத்தேனுங்க."

ஜனனிக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. வேற எவனோ இந்த மிஷினைத் தன்னோடதுன்னு காட்டியிருக்கான். அவன் பேரைச் சொல்லுங்க, அஞ்சு வருசத்துக்கு எந்த டெண்டரும் போட முடியாதபடி பண்ணிடுறேன், சொல்லலைன்னா நீங்களும் உடந்தை, உங்க ஆர்டரை ரத்து பண்ண வேண்டியிருக்கும்னு கறாரா சொல்லிட்டார்.

சித்ராதேவிக்கு நெலமை அப்படி. மூணு மாசமா வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணும் இல்ல. இந்த நாப்பதாயிரம் பீஸை நம்பித்தான் முப்பத்தஞ்சு டெய்லரை வேலையை விட்டு அனுப்பாம வெச்சிருக்கார். இது போச்சுன்னா நாளைக்கே ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"மிஷினைக் குடுத்தது என்ற தப்புதானுங்க மேடம். ஆனா பேரு மட்டும் கேக்காதீங்க. அவங்களை நம்பி அறுபது குடும்பம் இருக்குதுங்க."

இத்தோட மருதாசலம் சும்மா இருந்திருக்கலாம். எங்கே இருந்தார்?

"அறுபது குடும்பத்தை வெச்சுக்கிட்டு இரவல் மிஷின்ல பொழைக்கிறானே, அவனெல்லாம் ஒரு மொதலாளிங்களா? அந்தத் திருட்டுப்பய யாருன்னு தெரியாம நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேனுங்க. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

பின்னாலிருந்து தவசி சட்டையைப் பிடிச்சு இழுத்தார். மருதாசலம் கையைத் தட்டிவிட்டார். மறுபடியும் இழுத்தார். மறுபடியும் தட்டிவிட்டார். கடைசியில தவசி பொறுக்கமாட்டாம குனிஞ்சு காதுல ஏதோ சொன்னார்.

மருதாசலம் அதிகாரி குடிக்க வெச்சிருந்த தண்ணியை எடுத்து மடமடன்னு குடிச்சார். அப்புறம் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்னார். ஏன்னு கேட்டதுக்கு, ஒரே தொழில்ல இருக்கிறவங்க ஒருத்தரையொருத்தர் அனுசரிச்சுப் போகோணுமில்லீங்களான்னார்.

மனு இல்லைன்னா விசாரணையும் இல்ல. ஜனனி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். இனிமே மிஷினை வெளியே அனுப்பக் கூடாதுன்னு சித்ராதேவிக்கு ஒரு எச்சரிக்கையை எழுதி, ஆர்டர் அவருக்கேன்னு சொல்லி ஃபைலை மூடினார். சித்ராதேவி யாரையும் ஏறெடுத்துப் பார்க்காம பில்லு கட்டை மஞ்சப்பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

படியில இறங்கும்போது மருதாசலம் தவசியைப் புடிச்சுக்கிட்டார்.

"ஏன்டா, இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னடா?"

"செவ்வாக்கெழமை எண்ண வர்றாங்க, மிஷின் கொறையுது, நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாதுன்னுட்டு நீங்க பழனிக்குக் கெளம்பிட்டீங்க மொதலாளி. நான் இந்த சித்ராதேவி அக்காகிட்டத்தான் போய் நின்னேனுங்க. வந்ததுக்கப்புறம் அந்தப் பன்னண்டு மிஷினும் யாரு குடுத்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"