நோட்டீஸில் ஒரு பெயர்

"கையெழுத்துப் போட முடியலைன்னா என்ன, கட்டைவிரல் வை. சட்டத்துல அதுக்கும் இடம் இருக்கு" என்று நோட்டீஸை முன்னால் வைத்து மைப்பெட்டியை நீட்டினார் சுந்தரராமன்.

ரெபேக்கா தன் வலது கையைப் பார்த்தாள். முழங்கை வரை கட்டு. கட்டைவிரல் அதற்குள் எங்கோ இருந்தது.

"இடது கை சும்மாதானே இருக்கு?"

சுந்தரராமன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சட்டப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். நஷ்டஈடு கேட்டு வந்தவர்களை விதவிதமான காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியவர். ரிட்டயர் ஆன மறுநாளே ஏழைகளுக்கு நீதி வாங்கித் தரும் ஆசை அவருக்கு வந்துவிட்டது. முதல் ஏழையாக வீட்டு வேலைக்கு வரும் ரெபேக்காவே கிடைத்தாள்.

பத்து நாள் முன்பு செம்பூரில் வேலையை முடித்துவிட்டு, தாராவியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, அவளுடைய கைப்பைக்குள் இருந்த பவர் பேங்க் வெடித்துவிட்டது. பையை உதறப் போன கை வெந்துபோனது. இரண்டு மாதத்துக்குத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்திரம் தேய்க்கிறவளிடம் தண்ணீரில் கை வைக்காதே என்றால் அவள் வேறு எதில்தான் கை வைப்பாள்?

"எங்கே வெடிச்சது?" என்று மறுநாளே கேட்டார் சுந்தரராமன்.

"நசீர் பாய் மொபைல் கடை வாசல்ல சார்."

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. எரிந்த பொருளைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தாராவி, மொபைல் கடை, நசீர். அவருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நசீர் பேரில் நோட்டீஸ் தயாராகிவிட்டது.

"சார், நான் அவரு கடையில வாங்கல சார்" என்றாள் ரெபேக்கா, நாலாவது முறையாக.

"பயப்படாதே."

"பயம் இல்ல சார். பை தீப்பிடிச்சதும் ஓடி வந்து கையாலயே பிடுங்கி எறிஞ்சது அவருதான். அவரு கையிலயும் கொப்புளம். கடையை அப்படியே போட்டுட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரொம்ப நல்ல மனுசன் சார்."

"பாத்தியா! மடியில கனம் இல்லாதவன் எதுக்கு இவ்வளவு செய்யறான்? குத்தம் பண்ணின நெஞ்சு!"

"இந்த நோட்டீஸ் போனா என்ன சார் ஆகும்?"

"கடைக்கு சீல் வைப்பான். போலீஸ் வரும். அவன் ஜென்மத்துக்கும் இன்னொரு சார்ஜர் விக்க மாட்டான்."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"மெதுவா, அம்மிணி!" என்று மனைவியை அங்கிருந்தே அதட்டிவிட்டு, நோட்டீஸை எடுத்து உரக்கப் படித்தார். "'இத்தகைய ஆபத்தான பொருளை, அதன் ஆபத்தை அறிந்தே ஓர் அப்பாவிப் பெண்ணின் கையில் ஒப்படைத்த நபர், மனித உயிரைத் துச்சமாக மதிக்கும் கொடியவர் ஆவார்.' எப்படி? ராத்திரி பூரா யோசிச்சு எழுதினது."

"யாருன்னாலும் இப்படித்தான் எழுதுவீங்களா சார்?"

"யாரா இருந்தாலும்! என் சொந்த அண்ணனா இருந்தாலும் விட மாட்டேன்."

ரெபேக்கா மைப்பெட்டியை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். விட்டுருங்க."

"இதான் உங்ககிட்ட இருக்கிற கோளாறு! யாரோ ஒருத்தன் உன் கையை எரிச்சிருக்கான், நீ அவனைக் காப்பாத்தறே. அவன் வித்தது இல்லைன்னா வேற யார்தான் குடுத்தா, சொல்லு பாப்போம்!"

ரெபேக்கா அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

"நான் சொல்றேன்" என்று அடுக்களையிலிருந்து வந்தாள் அம்மிணி. அழுதிருந்தாள். "நான்தான் குடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு, கலர் பேப்பர் சுத்தி."

"நீயா? உனக்கு ஏது?"

"உங்களோடதுதான். பேட்டரி வெடிக்கும், யாரும் உபயோகிக்கப்படாதுன்னு அதைச் செஞ்ச கம்பெனிலேருந்து உங்களுக்கு மெயில் வந்துதாமே? உடைச்சுப் போட்டாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்து, புதுசு வாங்கிண்டேளாமே? நேத்திக்கு அந்த மெயிலைப் பாத்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சது. அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னேள்? 'நன்னாத்தான் இருக்கு, தூக்கிப் போட மனசு வரலை, யாருக்காவது குடு, புண்ணியமாப் போகும்'னேள். இந்தப் பாவி அதை நம்பிக் குடுத்தேன்."

சுந்தரராமன் மேஜையைப் பார்த்தார். கம்பெனி அனுப்பிய புதுசில் அவருடைய போன் சமர்த்தாக சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

"மாமி மனசு கஷ்டப்படும்னுதான் நான் சொல்லல சார்" என்றாள் ரெபேக்கா. "அவிய தெரியாமக் குடுத்தாக. நசீர் பாயும் பாவம். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க சார்."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு நோட்டீஸை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். தொண்டையைக் கனைத்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் குரல் தணிந்து வந்தது.

"உட்காரும்மா ரெபேக்கா. ஏன் நின்னுண்டே இருக்கே? நசீர் ரொம்ப நல்ல மனுஷன்னு நீயே சொல்றே. அவர் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டார். அவர் பேரே இருக்கட்டும்."