பொட்டு வைத்த வண்டு

இறந்துபோன மகளின் படத்தை மாட்டிவிட்டால் போனது போனதாகிவிடும் என்று மதுரவல்லி அதைப் பீரோவிலேயே வைத்திருந்தாள். கூடத்துச் சுவரில் இடமே மிஞ்சாதபடி, அந்தக் கால விஞ்ஞான ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைச் சட்டம் போட்டு மாட்டினாள். கொம்பு வண்டு, பெரணிச் செடி, குறுக்கே வெட்டிய மாதுளை. வெள்ளிக்கிழமை வீட்டுவேலைக்கு வந்த செல்லக்கிளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள்.

"வண்டுக்குமாடி?"

"சட்டம் போட்டு மாட்டிட்டா சாமிதானேக்கா."

மதுரவல்லியின் கணவன் கதிரேசன் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து மகளின் படத்தை எடுத்துவந்தான். "இவ மட்டும் எத்தன நாளைக்கு உள்ளயே இருப்பா?"

மதுரவல்லிக்கு அழுகை வரவில்லை. வண்டைக் கழற்றி, ஆணியைக் காட்டினாள்.

"மாட்டுங்க. பொட்டு மட்டும் வேணாம்."

செல்லக்கிளி சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.