கோடு கோடாய்

“சந்தேகமே இல்லைம்மா. எங்க அண்ணன்தான் எதையோ வெச்சு என் ட்ரோன் அனுப்புற படத்தைக் கெடுக்கிறார். நீ அதை மட்டும் உறுதியாச் சொல்லு, நாளைக்கே போலீஸ்ல புகார்!”

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். கையில் ரிமோட், அதன் தலையில் சின்னத் திரை. ட்ரோன் மெக்கானிக் தோள்பையை இறக்கி வைத்தாள்.

“எங்கே போனா கோடு விழுது சார்?”

“தெருவைத் தாண்டி அண்ணன் வீட்டு மாடிக்கு.”

“அங்கே எதுக்கு அனுப்புறீங்க?”

“அனுமதி இல்லாம ரூம் கட்டறாரான்னு பார்க்கத்தான். வேற எதுக்கு? அப்பா வீட்டைப் பிரிச்சப்போ முறிஞ்ச உறவு. அவர் மூஞ்சியைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?”

மெக்கானிக் வேலையைத் தொடங்கினாள். மோட்டார் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கோடுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் மோட்டார் மேல் குற்றமில்லை. ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினாள். புது பேட்டரி போட்டாள். வீட்டு வைஃபையை அணைத்தாள்.

“நெட்டு போச்சு!” என்று கீழேயிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. ட்ரோன் மறுபடி எதிர் மாடிக்குப் போனதும் படம் பழையபடி கிழிந்தது.

“பார்த்தியா? என் பொருள்ல ஒரு குறையும் இல்லை. எல்லாம் அவர் வேலை!”

“இருங்க சார். பக்கத்துல வேற யாராவது ட்ரோன் விட்டு இதே சேனல்ல படம் அனுப்பினாலும் இப்படி ஆகும். ரெண்டு சிக்னலும் மோதிக்கும். நமக்குக் கிட்டே எது இருக்கோ, அதுதான் திரையில ஜெயிக்கும்.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கோடுகள் அடங்கிப் படம் நின்றது. உயரத்திலிருந்து ஒரு மொட்டை மாடி. நாற்காலியில் குனிந்தபடி ஒரு வழுக்கைத் தலை.

“அண்ணன்!” பெரியவர் திரையை முகத்தருகே கொண்டுபோனார். குரல் இறங்கியது. “என்ன இப்படி ஒடுங்கிட்டார்? தோளெல்லாம் எலும்பு. ஆபரேஷன்னு சொன்னாங்க, நான்தான் போய்ப் பார்க்கலை…”

மெக்கானிக் தலைக்கு நேர் மேலே வானத்தைப் பார்த்தாள்.

“வேளாவேளைக்குச் சாப்பிடறாரோ, இல்லையோ. ஒண்டியா உட்கார்ந்திருக்கிறதைப் பாரும்மா. கோபம் கிடக்குது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆமா, பக்கத்துல யாரோ ஒரு பொண்ணு நிக்குதே, யார் அது?”

மெக்கானிக் தன் வலது கையை மெல்ல உயர்த்தினாள். திரையில் இருந்த பெண்ணும் உயர்த்தினாள்.

“அது உங்க அண்ணன் இல்லை சார்,” என்றாள். “உங்க அண்ணன் பார்த்துக்கிட்டு இருக்கிற ஆள்.”