பாட்டுக்காரர்

“பாட்டுக்காரரே, கச்சேரி போதும். மேடம் உள்ள கூப்பிடறாங்க!”

பக்கத்து மேஜைக்காரி சொன்னதும் பாட்டுக்காரர் காதிலிருந்த இயர்போனை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டார். வேலை நேரத்தில் பாட்டுக் கேட்கிறார் என்று அந்த மரச்சாமான் கம்பெனியின் புகார்ப் பிரிவே அவரைக் கிண்டலடித்தது. அவரும் மறுத்ததில்லை. கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதைவிடப் பாட்டுப் பைத்தியம் என்ற பெயர் எவ்வளவோ மேல்.

காதில் ஒலித்தது பாட்டே இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அதற்கு இரண்டு மோடு. படிக்கிற மோடில் ‘எச்’சைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், ‘கே’யைத் தட்டினால் அடுத்த லிங்க்குக்குப் போகும். எழுதுகிற மோடிலோ, தட்டிய எழுத்து அப்படியே பதிலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மோடு மாறும்போது காதில் ‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும். காலையில் பிரிண்டர் போட்ட இரைச்சலில் அதைக் கோட்டைவிட்டிருந்தார்.

“ஆபீஸ்ல சொல்லிடுங்களேன், தலையா போயிடும்?” என்று மனைவி நச்சரிப்பாள்.

“வேலை போயிடும்டி” என்பார்.

பாட்டுக்காரர் உள்ளே போனதும் மேடம் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். “கஸ்டமருக்கு நீங்க அனுப்பின பதில். படிங்க.”

அவருக்கு அது சாம்பல் பூசிய தாளாகத்தான் தெரிந்தது. நல்ல வேளை, வாசகம் மனப்பாடம். அனுப்பிய பிறகுதான் அதை முழுசாகக் காதில் கேட்டு உறைந்துபோயிருந்தார்.

“உடைந்த அலமாரிக் கதவுக்காக மிகவும் வருந்துகிறோம்...”

பாதியில் ஸ்டேப்ளர் பின் விரலில் நெருடியது, அதுவும் கீழ்முனையில். தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்! முகம் கொதிக்க, அவசரமாகத் திருப்பினார். மேடம் ஒன்றுமே சொல்லவில்லை. இதற்குமேல் மானத்தை வாங்க வேண்டாமென்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

“ம், அப்புறம்?”

“எச்... எச்... எச்... கே... கே...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“‘என்ன, கிண்டலா’ன்னு கஸ்டமர் போன்ல கத்தறார். என்ன இது?”

“தப்புதான் மேடம். பாட்டுக் கேட்டுக்கிட்டே... கை தவறிடுச்சு.”

சொல்லும்போதே நாக்குக் கூசியது. தலை நரைத்த வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் பொய் சொல்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சீட்டுக் கிழியப்போகிறது என்று பாட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது.

“பாட்டுக் கேக்கறவங்க கை ‘எச்’சுக்கும் ‘கே’வுக்கும் போகாது” என்றார் மேடம்.

குட்டு உடைந்துவிட்டது. “மறைச்சது தப்புதான் மேடம். பிள்ளைங்க படிக்கறாங்க, வேலையை மட்டும்...”

“ஷ்ஷ், மெதுவா!”

மேடம் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் அதட்டுகிற அந்தக் குரல் கூனிக்குறுகிப்போயிருந்தது.

“அந்த எழுதற மோடுல மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றது? எனக்கு இன்னும் பிடிபடல.”