ஒன்றிலிருந்து ஐந்து வரை

"ஓடாத மனுஷனுக்கு ஓடுற மெஷின் எதுக்குக்கா? நீங்களே சொல்லுங்க!"

விலியாமி மேஜையைத் தட்டிய வேகத்தில் சூப் தளும்பியது. டோங்கா தீவுக்காரன், சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன், நூற்றிருபது கிலோ. பத்து கிலோ குறைக்காவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று முகாம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மெரேசெய்னி அவன் தட்டைப் பார்த்தாள். அவள் சுட்ட ரொட்டி ஆறு துண்டு இருந்தது. சுட்டவளே அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

"யாரைச் சொல்றே?"

"நம்ம ரொஹேலியோ அண்ணன்தான். அந்த பிலிப்பைன்ஸ் சர்வேயர். மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சா ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் டிரெட்மில் அவர் பேர்லதான். ஒரு நாளாவது ஓடினாரா? அது மேலேயே சப்பணம் போட்டு உக்காந்து குறுக்கெழுத்து போடறார். நேத்து நகம் வெட்டிக்கிட்டிருந்தார்க்கா!"

"நேரா கேக்கறதுதானே?"

"கேட்டேனே. 'அஞ்சு மணிக்கு மேல வா தம்பி, விடிய விடிய ஓடு'ங்கறார். அஞ்சு மணிக்கு டிவியில ரக்பி இருக்கே!"

பப்புவா நியூ கினியின் அந்த மலை முகாமில் மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். மழை இல்லாவிட்டாலும் வேலிக்கு வெளியே ஓட அனுமதி இல்லை. அறுபது பேருக்கு இருந்தது ஒரே ஒரு டிரெட்மில்.

மெரேசெய்னி அதன் பக்கமே போனதில்லை. நடுராத்திரியில் மாவு பிசைய ஆரம்பித்தால் காலை பத்து மணிக்குத்தான் கை காயும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை அடித்துப் போட்டாற்போல் தூக்கம். நான்கு மாதமாக அந்தத் தூக்கத்தை நம்பித்தான் முகாமுக்கு ரொட்டி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"யார் சோத்துலயும் மண்ணள்ளிப் போடாதவ நான். எனக்கு ஏன் தூக்கம் வராது?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், "வேற ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டாள் முகாம் நிர்வாகி பிரான்வின்.

மேஜையைத் தட்டிய விலியாமி இப்போது குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெரேசெய்னிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள்.

"ரொஹேலியோ அண்ணே, உக்கார ஒரு நாற்காலி கிடைக்கலையா உங்களுக்கு? இந்தத் தம்பிக்கு வேலையே போகப் போகுது. நீங்க மெஷின் மேல உக்காந்து நகம் வெட்டறீங்க. அடுத்தவங்க இடத்தை இப்படி வளைச்சுப் போட்டுட்டு, உங்களுக்கு எப்படிண்ணே தூக்கம் வருது?"

கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

ரொஹேலியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"சரிம்மா. நாளையிலேர்ந்து தம்பியே ஓடட்டும்."

பிரான்வின் டிரெட்மில் நேரப் பலகையில் அவர் பெயரை அழித்துவிட்டு விலியாமியின் பெயரை எழுதினாள். அன்று நாலைந்து பேர் மெரேசெய்னியிடம் வந்து, "நறுக்குன்னு கேட்டே" என்றார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

திங்கட்கிழமை. சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, படுத்தாள். கண் சொக்கியது.

தம். தம். தம். தம்.

கட்டில் அதிர்ந்தது. அலமாரியில் இருந்த தம்ளர் தானாக நகர்ந்து கீழே விழுந்தது. நிலநடுக்கம் அந்த மலைக்குப் புதிதல்ல. போர்வையைச் சுற்றிக்கொண்டு மழையில் வெளியே ஓடினாள்.

வேறு யாருமே ஓடி வரவில்லை. தரை ஆடவில்லை. ஆடியது அவள் அறை மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். அவள் அறைக்கு நேர் மேலே இருந்த ஜன்னலில் விலியாமியின் தலை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! உங்க புண்ணியத்துல ரெண்டு கிலோமீட்டர் ஆச்சு!" என்று சந்தோஷமாகக் கையாட்டினான்.

படிக்கட்டு கட்டிடத்தின் அந்தப் பக்கம். ஒரு நாளும் அவள் மேலே ஏறியதில்லை. தன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று யோசித்ததும் இல்லை.

எதிர் வராந்தாவிலிருந்து ரொஹேலியோ குடையை விரித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பஞ்சுப் பொட்டலம்.

"இந்தாம்மா, காதுல வச்சுக்க. பெருசா பிரயோஜனம் இல்லை. வச்சுப் பார்த்தவன்தான் சொல்றேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பொட்டலத்தை வாங்கினாள்.

"அண்ணே... கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை பேர் உனக்குக் கை தட்டினாங்க. நடுவுல புகுந்து கெடுப்பானேன்?"

குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"எப்படித் தூக்கம் வருதுன்னு கேட்டியே... போன வருஷம் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். இதே அறைதான். ஒரு நாள்கூட வரலைம்மா. உனக்காவது வரட்டுமேன்னுதான் மேலே உக்காந்திருந்தேன்."