ரெண்டாம் நிலை

"இல்லாத வியாதிக்கு என்னம்மா லேசு, கடுமை? போய் வேலையப் பாருங்க!"

திருப்போரூர் டாக்டரின் மூக்கடைத்த குரலை அப்படியே இறக்கினாள் சிநேகா.

அடுத்தது கேளம்பாக்கம் டாக்டர். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஸ்ட்ரெஸ்மா. ஒன்லி ஸ்ட்ரெஸ். நல்லாத் தூங்குங்க."

அவளோடு பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டு ஆல்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அம்மா சாராள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊர்ல கீற டாக்டரு பத்தாதுன்னு வூட்டுக்குள்ள ஒருத்தி" என்று முணுமுணுத்தபடி, முழங்கைக்குக் கீழே இருந்த புண்ணில் ஊக்கைக் குத்தி எதையோ நெம்பி எடுத்தாள். நீல நிறத்தில் ஒரு பிசிறு. அதைப் பத்திரமாகத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

தோலுக்குள்ளிருந்து நூல் வருகிறது என்பது சாராளின் கட்சி. படூர் அபார்ட்மென்ட்டில் தரை துடைக்கிறவள். மாப் நூல்தான் புண்ணில் ஒட்டுகிறது என்பது டாக்டர்களின் கட்சி. அவள் தீப்பெட்டியைத் திறந்ததுமே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சாராள் விடுவதாயில்லை.

"மருந்துகூட வேணாம் சார். எந்த அளவுல கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போறேன்" என்று ஒவ்வொரு கிளினிக்காகப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை.

அன்று ஊக்கு இறங்கிய இடத்தில் சீழ் எட்டிப் பார்த்தது. சிநேகா அதைப் பார்த்தாள். இதற்கு இன்றைக்கே ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

ஆல்வினை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் போனக் குடுறா."

"யாருக்குடி பண்ணப் போற?"

"எங்கம்மாவுக்கு."

தொண்டையைச் செருமினாள். வந்தது ஐம்பது வயது ஆம்பிளைக் குரல்.

"சாராளம்மாங்களா? நான் டாக்டர் பூவராகவன், மாமல்லபுரத்துலேர்ந்து பேசறேன். நீங்க வேலை பாக்கற அபார்ட்மென்ட்ல சொன்னாங்க. தோலுக்குள்ளேர்ந்து நூல் வருதாமே?"

ஆல்வின் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். பெற்ற தாயை வைத்தா ஒருத்தி விளையாடுவாள்!

மறுமுனையில் தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆமா டாக்டர்" என்றாள் சாராள். "நீங்களாச்சும் நம்பறீங்களா?"

"நம்பறது அப்புறம் இருக்கட்டும். அரிப்பு எப்படி?"

"உயிரு போவுது."

"ராத்திரி தூங்கறீங்களா?"

"எங்க தூங்கறது?"

"வேலை செய்யறப்போ? ஃபினாயில் பட்டா எரியுதா?"

"அழுவையே வந்துரும் டாக்டர். லிஃப்ட்டுக்குப் பின்னாடி போய் நின்னுகினு அழுவேன். வூட்ல யாருக்கும் தெரியாது."

சிநேகாவுக்கு அடுத்த கேள்வி மறந்துபோனது. ஆல்வின்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டான். நழுவப் போன டாக்டர் குரலை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"கவனமாக் கேளுங்க. இதுல மூணு நிலை இருக்கு. உங்களது ரெண்டாம் நிலை. ஊக்கு பட்டா மூணுக்குப் போயிடும். அதனால ஊக்கைத் தூக்கிப் போடுங்க. நாளைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைக் காட்டுங்க. அங்க நூலைப் பத்தி மூச்சு விடாதீங்க. முக்கியமா, அந்தத் தீப்பெட்டி வீட்டைத் தாண்டக் கூடாது!"

"ரெண்டாம் நிலை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் சாராள். "சரிங்க டாக்டர்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, மாத்திரையோடு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டு வந்ததும் டாக்டர் பூவராகவன் மொட்டை மாடி ஏறினார். தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா, வேளைக்குச் சாப்பிடறீங்களா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். சாராளும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தெருக்குழாயடியில் "எங்க டாக்டரு சொல்லிக்கீறாரு" என்று பெருமை வேறு.

மாடியிலிருந்து இறங்கிவிட்டால் சிநேகா பழைய சிநேகாதான்.

"இன்னா ரெண்டாம் நிலை, சோறு ரெடியா?"

சாராள் தட்டை வைப்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. கறுப்பாகத் தழும்பு மட்டும் மிச்சம். தீப்பெட்டி அலமாரி மூலையில் தூசி படிந்து கிடந்தது.

"போதும் மச்சி, எக்ஸாம் வருது" என்றான் ஆல்வின். "டாக்டர ஊருக்கு அனுப்பிரு."

சிநேகாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை தொண்டையைச் செருமினாள்.

"சாராளம்மா, சந்தோஷமான செய்தி. நீங்க முதல் நிலைக்கு இறங்கிட்டீங்க."

"அப்படீங்களா டாக்டர்?"

"ஆமா. முதல் நிலைன்னா குணமான மாதிரிதான். இனிமே நான் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல."

"போனே வராதா?"

"வராதும்மா."

சாராள் பெருமூச்சு விடுவது போனில் கேட்டது.

"அப்ப ரெண்டுன்னே வெச்சுக்கடி. வூட்டுக்குள்ள என்னிக்காச்சும் 'தூங்கினியாம்மா'ன்னு நீ கேட்டிருக்கியா?"