ஆதிரையின் ஜாடை

என் உடம்பின் காவல்படையே பித்தக் குழாய்களை எதிரி என்று நினைத்து அரிக்கிறதாம். வளர்த்த நாய் வீட்டுக்காரனைக் கடிக்கிற கதை. "பரம்பரையா வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்" என்றார் டாக்டர்.

மகள் ஆதிரை என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று பதினேழு வருடமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அவள் மூக்கு, நடை, தும்மல் எல்லாவற்றுக்கும் என் பெயரில் பட்டா போட்டிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னேன்: "வசுமதி, இவ அப்படியே உன் ஜாடைடி. எங்கிட்டருந்து ஒண்ணுமே வரலை."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "மூக்கைக்கூட விட்டுக்குடுக்க மாட்டீங்களே. டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். பிறகு ஆதிரையை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

"என்னப்பா, சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி?" என்று சிரித்தாள்.

மஞ்சளா, வெள்ளையா என்று தெரியவில்லை. என் கண்ணே மஞ்சள், அதை எப்படி நம்புவது? "நீ பாரேன்" என்று விலகிக்கொண்டேன்.

வசுமதி ஒரு கண்ணைப் பார்த்தாள். அடுத்த கண்ணையும் பார்த்தாள்.

"லைட்டையும் போடுங்க" என்றாள்.